சோதனைப் படம்

அல்லி, ஒரு விடுகதை. வாயில் கறுப்புத் தோரணம் தொங்கும், ஆனால் பல் கிடையாது. எதைக் கொடுத்தாலும் மெல்லாமல் விழுங்கும், விழுங்கியதைக் கசங்காமல் மறுபக்கம் வெளியே விடும். வயிற்றுக்குள் என்ன என்று கேட்டால் பேசாது, வண்ணத்தில் படம் போட்டுக் காட்டும். அது என்ன? நீ யோசிக்கவே மாட்டாய். அம்மாவோட மெஷின் என்று சொல்லிவிடுவாய், சொல்லிவிட்டு, இதெல்லாம் ஒரு விடுகதையா என்று உதட்டைப் பிதுக்குவாய். விடுகதைக்கு விடை ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு இருந்தால் அது கள்ளாட்டம் என்பது அல்லியின் சட்டம். இந்த விடுகதையை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க அவள் பக்கத்தில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பாவோடு நிற்கிறாளோ, உள்ளே வந்து பெட்டி வரிசையில் சேர்ந்துவிட்டாளோ தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது. திரையின் முன் உட்கார்ந்தவர் திரும்பக் கூடாது, பேசக் கூடாது, இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவும் கூடாது. அதற்கு மேல் கண் பார்க்கும், மனசு பார்க்காது என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் இப்போதுதான் உட்கார்ந்தேன். மனசு ஏற்கெனவே பார்க்கவில்லை. விமான நிலையத்தின் எக்ஸ்ரே மெஷினுக்குள் பயணிகளின் பெட்டிகள் வருகின்றன. துணி வெளிர் ஆரஞ்சு, புத்தகம் அடர் ஆரஞ்சு, இரும்பும் எவர்சில்வரும் நீலம், நடுவில் உள்ளவை பச்சை, கதிர் துளைக்க முடியாத இடம் கறுப்பு. ஆரஞ்சு, ஆரஞ்சு, நீலம். குக்கர். மஸ்கட் விமானம் என்றால் பெட்டிக்குப் பெட்டி குக்கர், அங்கே குக்கர் விற்காதா என்ன. குக்கருக்குள் உருண்டையாக எதுவோ, வெளிர் ஆரஞ்சு, சட்டைத் துணியைச் சுருட்டி இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். போகலாம்.

மஸ்கட். இந்த விமானத்தில் என் கணவர் தயாளன் போகிறார். கணக்கு வாத்தியார். அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அல்லிக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது. ஆனால் அல்லி போகிறாளா என்று எனக்குத் தெரியாது. தயாளனுக்கும் தெரியாது. பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைக்கிற நேரம்வரை அவளே யோசித்து, அப்பாவோடு போகிறாளா, பொன்மலை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாளா என்று அவள் வாயாலேயே சொல்லட்டும், அதுவரை நாம் இரண்டு பேரும் அவளை இழுக்கக் கூடாது என்று பேசிக்கொண்டோம். பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது என்று தௌலத் என்னைத் திட்டினாள். தௌலத் என்னோடு வேலை பார்ப்பவள். மெஷினின் மறுமுனையில் மேசை போட்டு, நான் நிறுத்தச் சொல்கிற பெட்டியைத் திறந்து கையால் சோதிப்பது இப்போது அவள் முறை. "அக்கா, பொண்ணை வழியனுப்புற அன்னிக்கு யாராவது டியூட்டி பாப்பாங்களா? லீவு போடுங்க" என்றாள். நான் எதிரில் நின்றால் அழுவேன், அழுதால் அதுவே இழுப்பதுதானே என்றேன். அப்படிச் சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்தது. இப்போது உட்கார்ந்து பார்த்தால் வேறொன்றும் உண்மை போல இருக்கிறது. கையில் வேலை இல்லாமல் அந்த நேரத்தில் நிற்க எனக்குப் பயம். இரண்டில் எது? இரண்டும் என்றால் அது கள்ளாட்டம். ஒரு பெட்டி முழுக்க அடர் ஆரஞ்சு, ஊறுகாய் பாட்டில்களின் வட்டம் வட்டமான கழுத்து, அடுக்கி அடுக்கி. ஒரு பாட்டிலின் மூடி கோணலாக இருக்கிறது. அது கசியும். கசியும் என்று சொல்வது என் வேலை இல்லை. சொன்னால் என்ன? நேரம் போகும். போகலாம்.

மூன்று பேருமே போயிருக்கலாம். அதுதான் எல்லோருக்கும் புரியாதது. அந்தப் பள்ளிக்கூடத்தில் இயற்பியலுக்கும் ஆள் தேடினார்கள், தயாளன் என் பெயரைச் சொன்னார், அவர்கள் என்னைப் பார்க்கக்கூட வேண்டாம், சான்றிதழை அனுப்பினால் போதும் என்றார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு. நான் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவர் கேட்டபோது, தெரியவில்லை என்றேன். கோபத்தில் சொல்வதாக நினைத்தார். நிஜமாகவே தெரியவில்லை. கல்லூரி வேலையை விட்டு இந்த மெஷினுக்கு வந்தபோதும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னேன். மாமனாரிடம், வீட்டுக்குப் பக்கம் மாமா, ஒரே பஸ் என்றேன். கூடப் படித்த பூங்கொடியிடம், கொஞ்ச நாளுக்குத்தான் என்றேன். கதிர்வீச்சு பற்றி எழுதப் போகிறீர்களா என்று என் பழைய வழிகாட்டிப் பேராசிரியர் ஆசையாகக் கேட்டார், ஆமாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன். எல்லாக் காரணமும் சொல்கிறபோது பொருந்தியது, சொல்லி முடித்ததும் கழன்றுகொண்டது. படிகங்களின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, தெறித்து விழுகிற புள்ளிகளை வைத்து உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிப்பது என் முனைவர் பட்டம். அதை முடித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்குப் போனேன். அங்கே மே மாதம் வந்தால் வாத்தியார்கள் எல்லோரும் வேனில் ஏறி ஊர் ஊராகப் போய், பன்னிரண்டாவது எழுதிய பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டி, எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். ஆளுக்கு இத்தனை பிள்ளை என்று கணக்கு உண்டு. லால்குடிப் பக்கம் ஒரு வீட்டில், பையனின் அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க என்று கேட்டாள். சொன்னேன். அந்த அம்மா என்னைக் கேலி செய்யவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டாள். "இவ்வளவு படிச்சிட்டு வெயில்ல அலைய விட்டுட்டாங்களே" என்றாள். மோர் நன்றாக இருந்தது. கறிவேப்பிலையை அரைத்துக் கலந்திருந்தாள்.

இவ்வளவு படிச்சிட்டு. அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். இவ்வளவு என்றால் எவ்வளவு? பத்தாவது படித்திருந்தால் இந்த நாற்காலி சரி, பட்டப்படிப்பு என்றாலும் பரவாயில்லை, அதற்கு மேல் ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், அந்தக் கோட்டைத் தாண்டிப் படித்தவள் இங்கே உட்கார்ந்தால் மட்டும் நாற்காலிக்கு வலிக்கிறது. எங்கள் ஷிப்டில் கோட்டைத் தாண்டியவர்கள்தான் அதிகம். தௌலத் வரலாற்றில் எம்.பில்., ஒரு மெட்ரிக் பள்ளியில் துணை முதல்வராக இருந்தவள். சூப்பர்வைசர் பெனடிக்ட் எம்.டெக்., சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர், என்னைவிட இளையவர். நம்ம ஷிப்டை வைத்து ஒரு பல்கலைக்கழகம் தொடங்கலாம், பட்டமளிப்புக்கு வருகிற விருந்தாளியின் பையையும் நாமே சோதித்துவிடலாம் என்பார். ஒருமுறை அவர் என்னை டாக்டர் மேடம் என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வரிசையை விட்டு வந்து, பிரஷர் மாத்திரையைக் காலையில் போடுவதா, சாப்பிட்டுவிட்டுப் போடுவதா என்று கேட்டார். நான் அந்த டாக்டர் இல்லை ஐயா என்றதும் அவர் போகவில்லை. பின்னே எந்த டாக்டர் என்று நின்றார். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தௌலத்திடம் ஏன் இங்கே வந்தாய் என்று நான் கேட்டதில்லை, அவளும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாத இடம் என்பதால்தான் எனக்கு இந்த இடம் பிடித்ததோ? அப்படியென்றால் கேள்வி கேட்காத எந்த இடமும் பிடித்திருக்க வேண்டும். அப்படி இல்லை. இந்தத் திரை வேண்டியிருக்கிறது. மூடிய ஒன்று வருகிறது, உள்ளே தெரிகிறது, ஆம் அல்லது இல்லை, அடுத்தது. யாரையும் சேரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். சீப்பு, சீப்பு, மருந்து அட்டை, ஜாக்கெட் கொக்கி.

கொக்கி. அல்லிக்கு மூன்று வயதில், கீழே கிடந்த ஒரு ஜாக்கெட் கொக்கியை விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து விளக்கில் மாட்டினார்கள். சாம்பல் விலா எலும்புகளுக்கு நடுவில் அது அவ்வளவு வெள்ளையாக, வளைவு வளைவாகத் தெரிந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, என்ன துல்லியமான படம் என்பதுதான். அதற்குப் பிறகுதான் அது என் பிள்ளையின் நெஞ்சு என்று தோன்றியது. அதற்கும் பிறகுதான் அவள் அழுகிற சத்தம் காதில் விழுந்தது, அவள் முதலிலிருந்தே அழுதுகொண்டுதான் இருந்தாள். கொக்கி இரண்டாம் நாள் தானாக வெளியே வந்துவிட்டது. அந்த வரிசை மட்டும் வெளியே வரவில்லை. படம், பிள்ளை, அழுகை. எல்லோருக்கும் அப்படித்தானா, தலைகீழாகத்தானே இருக்க வேண்டும்? யாரிடம் கேட்பது? இந்த வேலைக்கு வந்த பிறகு அது கூடிவிட்டது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியிலுள்ள கைப்பையைப் பார்த்தால் அது ஆரஞ்சாகிவிடுகிறது, உள்ளே நீலமாகச் சாவிக்கொத்து. பள்ளிக்கூடத்திலிருந்து அல்லி வந்து பையைத் தூக்கிப் போட்டால், டிபன் பாக்ஸ் கவிழ்ந்திருக்கிறது, ரசம் கொட்டியிருக்கும் என்று பையைத் திறக்காமலே சொல்கிறேன். எப்படிம்மா என்று முன்பெல்லாம் கண்ணை விரிப்பாள். இப்போது விரிப்பதில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, நேற்று ராத்திரி சாப்பிட்டபோது அவள் போகிறாளா இருக்கிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகம் மூடவே இல்லை. திறந்துதான் இருந்தது. அப்பளத்தை நான்காக உடைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றாள். அதை எப்படிப் படிப்பது?

இதோ துப்பாக்கி. கைத்துப்பாக்கி, ஒரு சேலை மடிப்புக்குள், நீலமாக, அப்படியே பாடப் புத்தகத்தில் இருப்பது போல. அபாயம் என்று பட்டால் அமுக்க மேசையில் ஒரு விசை உண்டு. விசையை அமுக்கினேன். திரையில் எழுத்து வந்தது: இது சோதனைப் படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள். துப்பாக்கி கரைந்துபோனது, சேலை மட்டும் இருந்தது. நாங்கள் தூங்காமல் இருக்கிறோமா என்று பார்க்க, மெஷின் அவ்வப்போது இப்படி இல்லாத ஒன்றை யாருடைய பெட்டியிலாவது போட்டுக் காட்டும். துப்பாக்கி, கத்தி, வெடி வைத்த டப்பா. கண்டுபிடித்தால் பாராட்டு, தவறவிட்டால் மாதக் கடைசியில் பெனடிக்ட் கூப்பிட்டுச் சொல்வார். நான் தவறவிட்டதில்லை. ஏனென்றால் பொய்ப் படம் அழகாக இருக்கும். நிஜச் சாமான்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து, நசுங்கி, பாதி மறைந்து கிடக்கும், பொய் மட்டும் முழுதாகத் தெரியும். இதை நானாகக் கண்டுபிடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் சாமர்த்தியம் குறைந்துவிடும் என்பதற்காக அல்ல, சொன்னால் எல்லோரும் அழகைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், அது ஆபத்து. எனக்கு மட்டும் ஆபத்து இல்லையா?

முந்தாநாள் அவள் கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம். அவள் துணியை அவள் மடித்தாள், நான் தொடவில்லை, எதை எடுத்து வைக்கிறாள் என்று பார்க்கவும் கூடாது என்று துண்டுகளை மட்டும் மடித்துக்கொண்டிருந்தேன். "உனக்கு அந்த மெஷினைப் பிடிக்குமா, என்னைப் பிடிக்குமா?" என்றாள். நான் தயங்கவில்லை. "உன்னைத்தான்" என்றேன். "அப்போ வா" என்றாள். அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரின் மகள். இரண்டு வரியில் முடித்துவிட்டாள். முதல் வரி சரி, இரண்டாவது வரி முதல் வரியிலிருந்து வருகிறது, ஆனால் என்னால் அந்த இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை. பிடிக்கும், ஆனால் வரவில்லை. இதில் எந்த இடத்தில் தப்பு? பிடித்தவர்களோடுதான் போக வேண்டும் என்றால் தயாளனுக்கு என்னைப் பிடிக்கும், அவர் ஏன் போகிறார்? அவர் போவது சம்பளத்துக்கு. அதை யாரும் கேட்பதில்லை. அதிகச் சம்பளத்துக்குப் போகிறவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, குறைந்த சம்பளத்தில் இருக்கிறவள்தான் ஏன் ஏன் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இது நியாயமான எண்ணம்தான், ஆனால் இதை அல்லியிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவளை இழுப்பதாகிவிடும். துண்டின் ஓரங்கள் சேரவில்லை, பிரித்து மறுபடி மடித்தேன். அவள் தன் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து முந்தானை போல் ஒரு துப்பட்டாவில் மூடிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததில் எனக்குப் பெருமைகூட.

தெரிந்தவர் பெட்டி வந்தால் எழுந்துவிட வேண்டும், வேறொருவர் உட்கார வேண்டும். அது விதி. அதனால் தௌலத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன். அல்லியின் பெட்டி மஞ்சள், தயாளனுடையது சாம்பல். வெளி நிறம் என் திரையில் தெரியாது, எல்லாப் பெட்டிக்கும் தோல் இல்லை, வெறும் கோடுதான். மஞ்சளைப் பெல்ட்டில் ஏற்றுகிறபோது தௌலத் என்னைக் கூப்பிடுவாள், நான் எழுந்துவிடுவேன். இதோ ஒரு பெட்டியில் சின்னச் சின்ன ஷூக்கள். பொம்மையின் கண்கள், இரண்டு நீலப் புள்ளி. ஜாமெட்ரி பாக்ஸ், உள்ளே கவராயம். ஸ்வெட்டர் போல ஒரு தடித்த ஆரஞ்சு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாளா? பொம்மையைக்கூடவா? ஒரு வாரத்தில் திரும்பி வருகிறவள் பொம்மையை எடுக்க மாட்டாள். அப்படியானால் போகிறாள். தௌலத் ஏன் கூப்பிடவில்லை? மறுமுனையில் ஒரு பாட்டியம்மாள் குரல், அது எம் பேரப்பிள்ளைங்களுதும்மா, பாத்து இறக்கு என்றது. அல்லியுடையது இல்லை. நெஞ்சு இறங்கியது, உடனே மறுபடி ஏறியது, ஏனென்றால் அவளுடையது இனிமேல்தான் வர வேண்டும். அடுத்த பெட்டியில் உருண்டை உருண்டையாக, நடுவில் குழி. கொப்பரை. எண்ணெய் உள்ள பொருள், தானாகவே சூடேறும் என்று விமானத்தில் விடுவதில்லை. நிறுத்தினேன், தௌலத் திறந்தாள், ஒரு பெரியவரோடு வழக்கு ஆரம்பித்தது. சாமிக்கு உடைச்சதும்மா, பிரசாதம், இதுல என்ன வெடிக்கப் போவுது என்கிறார் அவர். "சாமிக்குத் தெரியும் பெரியவரே, பைலட்டுக்குத் தெரியாதே" என்கிறாள் தௌலத். அப்படின்னா பைலட்டுக்கு ரெண்டு குடு என்கிறார். வரிசையில் சிரிக்கிறார்கள். சிரிப்பில் ஒரு சின்னச் சிரிப்பு தனியாகக் கேட்டது. அல்லியா? திரும்பக் கூடாது. எத்தனை பிள்ளைகள் இல்லை இந்த ஹாலில்.

பெல்ட் நகர்ந்தது. அடுத்த பெட்டி. வெளிர் ஆரஞ்சு, துணி, கொஞ்சம்தான், பாதிப் பெட்டி காலி. எல்லாவற்றுக்கும் மேலே, நட்டநடுவில், நீலமாக ஒரு சதுர டப்பா. உள்ளே உருளையாக இரண்டு பேட்டரி. பேட்டரியிலிருந்து வயர், வயர் ஓர் ஆணியைச் சுற்றிச் சுற்றிப் போகிறது, நெருக்கமாக, வரிசை கலையாமல். ஓர் ஓரத்தில் தகடு. எதுவும் எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. முன்பெல்லாம் வந்த வெடிப் படங்களைவிட இது மேல். இவ்வளவு அழகாக இருந்தால் பொய்தான். விசையை அமுக்கினேன். எழுத்துக்காகக் காத்திருந்தேன். எழுத்து வரவில்லை. பெல்ட் நின்றது. டப்பா கரையவில்லை. மறுபடி அமுக்கினேன், அது தேவையில்லை, முதல் தடவையிலேயே பெனடிக்டின் மேசையில் விளக்கு எரிந்திருக்கும். கரையாதா? சேலைக்குள் இருந்த துப்பாக்கி கரைந்ததே. நிஜமா? அப்படியானால் நிஜம்தான் இவ்வளவு அழகாக இருக்கிறதா, அப்படியானால் இத்தனை நாள் நான் எதை வைத்து என்ன கண்டுபிடித்தேன்? ஆணியில் வயர் சுற்றிய விதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சுற்று பின்னால் வந்து பூட்டியிருந்தது. அப்படிச் சுற்றினால்தான் நழுவாது. அதை எனக்குக் கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நான் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் விடுமுறை, மின்சாரம் இல்லாத ஒரு பகல் முழுக்க, எவர்சில்வர் டப்பாவை வைத்து, ஆணியைச் சுற்றி, தகடு போய்த் தட்டித் திரும்புகிற தூரத்தைத் தாள் வைத்து அளந்து, ஓர் அழைப்பு மணி செய்தோம். அது அடித்தபோது அல்லி டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். என் கையும் சேர்ந்து சுற்றியது. முதல் வரிசை அவள், அடுத்த வரிசை நான்.

பெனடிக்ட் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். வரிசையைக் கொஞ்சம் பின்வாங்கச் சொன்னார், குரலை உயர்த்தாமல். தௌலத் கொப்பரையைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்து, ஐயோ மஞ்சள் என்றாள். சார், அது மணி, நானும் என் பொண்ணும் செய்தது என்றேன். பெனடிக்ட் என்னைப் பார்த்தார். "அப்போ ஏன் மேடம் அமுக்கினீங்க?" என்று கேட்டார். அதட்டவில்லை, அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. டெஸ்ட் படம் என்று நினைத்தேன் என்றேன். அது ஒரு பதில் போலத்தான் ஒலித்தது. எழுந்தேன், வேறொருவர் உட்கார்ந்தார், என் முறை முடியாமல் அந்த நாற்காலியிலிருந்து நான் எழுந்தது அதுதான் முதல் தடவை. பெட்டி யாருடையது என்று பெனடிக்ட் கேட்டார், என்னோடது என்று அல்லி கை தூக்கினாள், வகுப்பில் தூக்குவது போல. அவளுக்கு ஒரு பச்சைச் சுடிதாரைத் தயாளன் போட்டுவிட்டிருந்தார், ஒரு பக்கப் பின்னல் தளர்ந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் தனியாகக் கேட்டுவிட்டு, அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றாக இருந்த பிறகு, பெனடிக்டே பெட்டியைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். துப்பட்டாவில் சுற்றியிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். தயாளன் மட்டும் தரையைப் பார்த்தார், அவருக்கும் இது தெரியாது போல.

"நம்ம மணிம்மா" என்றாள் அல்லி. "உனக்குத் தெரியலையா? நீதான் பாப்பேன்னு எல்லாத்துக்கும் மேல வச்சேன்."

பார்த்தேன், அல்லி. முழுதாகப் பார்த்தேன். வயரும் ஆணியும் அவ்வளவு சரியாகத் தெரிந்தது, அதனாலேயே நிஜம் இல்லை என்று நினைத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஆனால் அல்லி அதைப் பைத்தியக்காரத்தனமாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கைச் சரிபார்க்கிறபோது நெற்றியைச் சுருக்குவாளே, அப்படிச் சுருக்கினாள். "நிஜம்னு தெரிஞ்சிருந்தா அமுக்கியிருக்க மாட்டியா?" என்று கேட்டாள். பொய் சொல்லலாம். தயாளன் நிமிர்ந்து பார்த்தார், சொல்லிவிடு என்பது போல. மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அது எங்கள் மணி என்று தெரிந்தாலும் பேட்டரியும் வயரும் சேர்ந்த டப்பா பெட்டிக்குள் போகக் கூடாது, விசையை அமுக்கத்தான் வேண்டும், அமுக்கிவிட்டு எழுந்து வந்து இதே இடத்தில் நின்றிருப்பேன், சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன். சிரிப்பு ஒன்றுதான் வித்தியாசம். அதை எப்படிச் சொல்வது? "அமுக்கித்தான் இருப்பேன்" என்றேன். ம் என்றாள். அந்த ம் கோபமா, சரியா, எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் திறந்துதான் இருந்தது. பெனடிக்ட், இணைத்தபடி போகாது, பேட்டரியையும் வயரையும் பிரித்தால் போகும், இல்லாவிட்டால் இங்கேயே கொடுத்துவிட வேண்டும் பாப்பா என்றார். அவளே டப்பாவைத் திறந்து, வயரின் நுனியை நகத்தால் நெம்பி, பேட்டரி இரண்டையும் கழற்றினாள். நான் உதவப் போனேன், அவள் கை என் கையை விலக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை, வேலை முடிந்துவிட்டது. பின்னால் வரிசை நெருங்கியது, கொப்பரைப் பெரியவர் என்ன ஆச்சு என்று யாரிடமோ விசாரித்தார். பெனடிக்ட் இரண்டு பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்பது போல, இந்தப் பெட்டிகளோடு யார் யார் பயணம் போகிறீர்கள் என்று கேட்டார். அவருக்கு எங்கள் விஷயம் தெரியாது. தயாளன் அல்லியைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை, பேச்சைக் காப்பாற்றினார். நானும் வாயைத் திறக்கவில்லை. தானும் அப்பாவும் போவதாக அல்லி சொன்னாள்.